யாரோ போட்ட தக்காளி

அப்பா இறந்த பிறகு நிலத்துக்கு விட்ட முதல் தண்ணீரில், நாங்கள் நடாத இடங்களிலெல்லாம் தக்காளி முளைத்தது.

வரப்போரத்தில், வாய்க்கால் கரையில், மோட்டார் அறைக்குப் போகும் வழியில். ஓர் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொத்தாக நிற்கும். பிறகு கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு கொத்து. யாரோ நடந்துகொண்டே ஒவ்வொரு பிடியாக வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

அப்பா இருந்திருந்தால் ஒரே வாக்கியம்தான் சொல்லியிருப்பார்.

"யாரோ போட்டிருக்காங்க."

அவர் எதைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார். நான் சிறுமியாக இருந்தபோது குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு பூசணிக்கொடி வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"யார் போட்டது?"

"யாரும் போடலைங்க. தானா முளைச்சது."

"தானா எதுவும் முளைக்காது. பூசணிக்குக் கால் இருக்கா? யாரோ போட்டிருக்காங்க."

"போட்டா போட்டுட்டுப் போறாங்க. காய் நமக்குத்தானே?"

"அதான் கேக்கறேன். நமக்குக் காய் குடுக்கணும்னு யாருக்கு அவ்வளவு அக்கறை?"

மறுநாள் கொடி இல்லை.

அப்பா பாட்டில் தொழிற்சாலையில் செக்கராக இருந்தவர். வெளிச்சப் பலகைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். காலி பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். விரிசல், குமிழி, கோணல் எது இருந்தாலும் அந்தப் பாட்டிலை எடுத்து, இடது பக்கம் பின்னால் இருக்கும் தொட்டியில் போட வேண்டும். திரும்பிப் பார்த்துப் போட நேரம் கிடையாது. கண் அடுத்த பாட்டிலில் இருக்கும். கை தன்பாட்டுக்குப் போய்வரும். என்னை அங்கே ஒருமுறை அழைத்துப் போயிருக்கிறார். எனக்கு எல்லாப் பாட்டில்களும் ஒரே மாதிரி தெரிந்தன. "அதுதான் அதுங்களோட தந்திரம்" என்றார்.

வேலைக் கண் வீட்டுக்கும் வந்தது. பாலை டார்ச் அடித்துப் பார்ப்பார். மாத்திரை அட்டையை டார்ச் அடித்துப் பார்ப்பார். நான் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியபோது விடைத்தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "அழிச்சு எழுதின மாதிரி தெரியலையே" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. தெருவில் அவருக்கு 'டார்ச்' என்றே பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேலைக் கையும் வீட்டுக்கு வந்தது. வேர்க்கடலைத் தோல், தீர்ந்த பேனா, கடித்துப் பார்த்துப் பிடிக்காமல் போன பிஸ்கட், எதுவாக இருந்தாலும் இடது பக்கம் பின்னால் போகும். அவர் நாற்காலிக்கு இடது பின்புறம் அம்மா எப்போதும் ஒரு வாளி வைத்திருப்பாள். ஒருநாள் தரை துடைக்கும்போது வாளியை மறுபக்கம் மாற்றி வைத்துவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் சுவரோரம் முழுக்கத் தோல்.

"வாளி எங்கன்னு பார்த்துப் போடக்கூடாதா?"

"நான் எதைப் போட்டேன்?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலை மூடியதும் கிடைத்ததை வைத்து இந்த நிலத்தை வாங்கினார். சின்ன நிலம். ஒரு கிணறு, மோட்டார் அறை, மேட்டில் வீடு. ஒரு விதைக் கம்பெனிக்காகத் தக்காளி விதை பயிர் செய்தார். சந்தேகப்படுகிறவனுக்கென்றே செய்து வைத்ததுபோன்ற வேலை அது. கம்பெனி கொடுக்கும் ரகத்தைத் தவிர வேறு ரகம் ஒரு செடிகூட வயலில் இருக்கக்கூடாது. இருந்தால் மகரந்தம் கலந்துவிடும், விதை கெட்டுவிடும். அப்படி வரும் அந்நியச் செடிக்குக் கலவன் என்று பெயர். கம்பெனி அதிகாரி பூக்கும் பருவத்தில் ஒருமுறையும் காய்க்கும் பருவத்தில் ஒருமுறையும் வந்து வரிசை வரிசையாக நடப்பார். கலவன் கண்ணில் பட்டால் மொத்த வயலும் தள்ளுபடி.

அப்பா விடிவதற்கு முன்னாலேயே டார்ச்சோடு கிளம்பிவிடுவார். வேலியோரத்தில் தொடங்கி வரப்பு வழியாக ஒரு சுற்று. ஒவ்வொரு செடியின் தண்டையும் இலையையும் பார்ப்பார். ஐயம் வந்தால் பிடுங்கிப் பையில் போட்டு எடுத்து வந்து எரிப்பார். இத்தனை வருடங்களில் அவர் வயல் ஒருமுறைகூடத் தள்ளுபடி ஆனதில்லை. இன்னொரு விதியும் வைத்திருந்தார். விதைக்கு விட்ட பழத்தை எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்கக்கூடாது. சமையலுக்குத் தக்காளியே வாங்கக்கூடாது. வாங்கிய பழத்தின் விதை வயலுக்குப் போய்விடுமாம். தக்காளி விளைவித்த வீட்டில் தக்காளி இல்லாமலே வளர்ந்தவள் நான்.

இந்த முறை நாற்றங்கால் போட்ட பிறகு, ஒருநாள் காலைச் சுற்றுக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மா போய்ப் பார்த்தபோது மோட்டார் அறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நன்றாக விடிந்திருந்தது. டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

நாற்றை அம்மா ஆள் வைத்து நட்டாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். கம்பெனி அதிகாரியை மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் வந்து துக்கம் விசாரித்துவிட்டு விஷயத்தையும் சொன்னார். பூக்கும் பருவப் பார்வையில் வயல் தேறிவிட்டால் ஒப்பந்தத்தை அம்மா பெயருக்கு மாற்றித் தருவார். கலவன் இருந்தால் முடியாது. அப்படியானால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா என்னோடு நகரத்துக்கு வந்துவிட வேண்டும். இரண்டு அறை, நான்காவது மாடி.

"நாலாவது மாடியில நான் எங்க போய்த் துணி துவைப்பேன்?" என்றாள் அம்மா.

"மெஷின் இருக்கும்மா."

"மெஷினுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

அப்பாவோடு இருந்து இருந்து இவளுக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தக்காளிகள் முளைத்தன. முதலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தொழில்நுட்பப் பணியாளர். செடி என் துறை இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும். எங்கள் ரகத்தில் ஓர் இலையும் அந்நியத்தில் ஓர் இலையும் பறித்து வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எங்களுடையது தடித்த காம்பு, அகன்ற இலை. மற்றது மெலிந்து, கூர்மையாக இருந்தது. கலவன்தான். உழுத இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததை அன்றே பிடுங்கினேன். வரப்போரக் கொத்துகளையும் பிடுங்கினேன். அடுத்த தண்ணீருக்கு மறுபடி முளைத்தன.

யார் போட்டது?

எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான் இருந்தார். பக்கத்து நிலத்துக் கண்டக்டர்.

பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீடு அவருடைய நிலத்தின் மறுகோடியில், ரோட்டை ஒட்டி. வீட்டு வாசலில் தொட்டிகளில் சின்னத் தக்காளி வளர்ப்பார், கோலிக்குண்டு அளவில். எங்கள் வயலில் இருந்து அந்தத் தொட்டிகள் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று கம்பெனி விதி இருக்கிறது. விதி கேட்டதைவிட அதிகமாகவே தள்ளி இருந்தன. அப்பா அதை நம்பாமல் வருடா வருடம் டேப் பிடித்து அளப்பார். கண்டக்டரே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார்.

"என்ன டார்ச், என் வீடு போன வருஷத்தைவிடக் கிட்ட வந்துடுச்சா?"

"வீடு வராது. நீ வருவே."

"வந்தா டிக்கெட் குடுத்து இறக்கி விட்டுடு."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே போவார். அவர் முதுகு மறைந்ததும் அப்பா எங்களிடம் சொல்வார். "இவ்வளவு சிரிக்கிறான்னா ஏதோ இருக்கு."

இப்போது அந்தச் சிரிப்பு இல்லை. அப்பா இறந்த அன்று கண்டக்டர் கேட் வரை வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வழியில் அம்மாவைக் கண்டால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் வயலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கதவைத் திறந்தால் போய்விடுவார்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அண்ணனா? சேச்சே. அவர் எதுக்குப் போடறாரு?"

"நிலம் குத்தகைக்கு வந்தா அவருக்குத்தானே வசதி? ஒட்டின நிலம்."

"உங்கப்பா மாதிரியே பேசறே."

"அப்பா தப்பா சொன்னாரா?"

அம்மா எழுந்து போய்விட்டாள். துவைக்கிற கல்லருகே எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை நான் அப்படியே விட்டுவிடவில்லை. மதியம் அம்மா படுத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் துவைக்கிற கல். அதன் பின்னால், சோப்புத் தண்ணீர் வழிந்து போகும் ஈர மண்ணில், அடி பிய்ந்த ஒரு கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதைத் தொடுவதற்குள் பின்னால் இருந்து குரல் வந்தது.

"அது கீரை. வெயில் படக்கூடாதுன்னு மூடி வெச்சிருக்கேன்."

"என்ன கீரை?"

"கீரைன்னா கீரை. அதுக்குப் பேர் வேற சொல்லணுமா?"

கூடையின் ஓட்டை வழியாக ஓர் இலை நீட்டிக்கொண்டிருந்தது. மெலிந்த, கூர்மையான இலை. தக்காளி இலையின் வாசனைக்கு எந்தக் கீரையும் பக்கத்தில் வராது.

அன்று முழுவதும் அம்மாவைக் கவனித்தேன். அவள் சாப்பிட்ட தட்டை, கை கழுவிய இடத்தை, முந்தானை முடிச்சை. அம்மா நகரத்துக்கு வர மாட்டேன் என்று சொல்வதெல்லாம் வாய்ப்பேச்சுதானா? இத்தனை வருடம் தக்காளி வாசனைகூடப் படாமல் சமைத்தவள், அவர் போனதும் இந்த வயலே தோற்றுப் போகட்டும் என்று நினைத்துவிட்டாளா? பரிசோதனைக் கூடத்தில் ஒரு முடிவு இயல்புக்கு மாறாக வந்தால் முதலில் மாதிரியைச் சந்தேகிப்போம், பிறகு ரசாயனத்தை, பிறகு இயந்திரத்தை. நான் அம்மா வரைக்கும் வந்துவிட்டேன்.

மேடம் வருவதாகச் சொன்ன நாள் நெருங்கியது. எங்கள் ரகம் மொட்டு வைத்துவிட்டது. நான் பிடுங்கியதில் தப்பிய வரப்போரக் கொத்துகளும் மொட்டு வைத்துவிட்டன.

ஒரு விடியலில் விழிப்புத் தட்டியது. ஜன்னல் வழியே பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. வயலுக்குள் இருந்தார்.

அப்பாவின் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாய்க்கால் கரையில் குனிந்திருந்தார் கண்டக்டர். முகத்தில் வெளிச்சம் அடித்தேன். அவர் கையில் ஒரு தக்காளிச் செடி, வேரில் ஈரமண்ணோடு. காலடியில் சாக்குப்பை. கையும் களவுமாக என்பார்களே, அப்படி.

"நடறீங்களா மாமா?"

அவர் செடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அப்பா இருந்தவரைக்கும் வேலி தாண்ட முடியல. இப்ப யார் இருக்காங்கன்னு நெனச்சிட்டீங்க, இல்ல? இன்னிக்கே மேடத்துக்குப் போன் பண்றேன். கம்பெனி கேஸ் போடட்டும்."

"நடலம்மா" என்றார். "புடுங்கறேன்."

சாக்கை என் பக்கம் சாய்த்தார். உள்ளே வாடிய செடிகள். நான் இதுவரை பிடுங்கியதைவிட அதிகம். வரப்பைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் வேலி வரைக்கும் கொத்துகள் இருந்த இடமெல்லாம் குழி.

"நீங்க எதுக்குப் புடுங்கணும்?"

"என் செடிம்மா இது. என் வீட்டுத் தொட்டியில இருந்தது. இலையைப் பார்த்தாலே தெரியும். எப்படி இங்க வந்துச்சுன்னு கேப்பாங்க. கேட்டா எல்லாம் வெளிய வந்துடும்."

"என்ன வெளிய வரும்?"

கண்டக்டர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தபோது டாக்டர் தக்காளி, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும். எங்கள் வீட்டில் தக்காளி ஏற்கெனவே இல்லாததால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் டாக்டர் வேண்டாம் என்று சொன்ன அன்றிலிருந்து அப்பாவுக்குத் தக்காளிமேல் ஆசை வந்துவிட்டது. ஒருநாள் காலைச் சுற்றில் வேலியருகே நின்று கண்டக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"உன் தக்காளியில என்ன கலக்கறே, இவ்வளவு செவப்பா இருக்குன்னு கேட்டார். ஒண்ணும் கலக்கல, தின்னு பாருன்னு குடுத்தேன். அவ்வளவுதாம்மா. அப்புறம் தெனமும் காலையில ஒரு கைப்பிடி. சட்டைப்பையில போட்டுக்குவார். தின்னுக்கிட்டே ஒரு சுத்து போவார். வீட்டுல சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"அவர் உங்களை நம்பினதே இல்லையே."

"ஆமா. கடைசி நாள் வரைக்கும் நம்பல. ஒவ்வொரு பழத்தையும் டார்ச் அடிச்சுப் பார்த்துத்தான் வாயில வெப்பார்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "எல்லாச் செடியையும் புடுங்கி எரிச்சுட்டேம்மா. அவர் போன அன்னிக்கே. தொட்டியைக்கூட ஒடச்சுட்டேன்."

எனக்கு ஒன்று மட்டும் ஒட்டவில்லை. சட்டைப்பையில் வந்த பழம் வரப்போரம் முழுக்க எப்படி முளைக்கும்? அப்பா ஒரு விதையைக்கூடக் கீழே சிந்தும் ஆள் இல்லை.

"துப்புவாரா மாமா?"

"ஐயோ, காம்பைக்கூடப் பையில போட்டு எடுத்துட்டுப் போவார். வயலுக்கு ஆகாதுன்னு எனக்கே பாடம் நடத்துவார். அதான் எனக்கும் புரியல."

"எப்படி நடப்பார்? எப்படித் திம்பார்? காட்டுங்க."

கண்டக்டர் எழுந்தார். என்னிடமிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். கீழே இருந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கினார். வரப்பில் மெதுவாக நடந்தார். கல்லை டார்ச் முனையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, அப்பா மாதிரியே பார்த்தார். பஸ்ஸில் ஆயிரம் முகங்களைப் பார்த்தவர். அச்சு அசலாக வந்தது.

"இப்படிப் பார்ப்பார். நல்லா இருந்தா வாயில. புள்ளி கிள்ளி இருந்தா..."

அவர் கை இடது பக்கம் பின்னால் போனது. கல் போய் விழுந்த சத்தம் கேட்டது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் டார்ச்சிலேயே இருந்தது. அதையும் சேர்த்துத்தான் நடித்துக் காட்டினார் போலிருக்கிறது.

நான் திரும்பிப் பார்த்தேன். கல் கிடந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கொத்து இருந்த குழி.

பொழுது விடிந்துவிட்டது. வேலியிலிருந்து மோட்டார் அறை வரைக்கும் வரப்பு வழியே நடந்து போனேன். எல்லாக் கொத்தும் இடது பக்கம். ஒன்றுகூட வலது பக்கம் இல்லை. தேறாத பழங்களையெல்லாம் பழைய தொழிற்சாலைத் தொட்டியில் போட்டிருக்கிறார். தொட்டிதான் அங்கே இல்லை. பழம் அங்கேயே அழுகி, விதை மண்ணில் கிடந்து, தண்ணீர் பட்டதும் கொத்தாக எழுந்திருக்கிறது. தன் வயலில் ஒரு கலவன் நுழையாமல் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு சுற்றிய மனிதர், அதே சுற்றில், தன் கையாலேயே கலவனை விதைத்துக்கொண்டு போயிருக்கிறார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் அவருடைய இடது கை.

திரும்பி வந்தபோது கண்டக்டர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"நீ ரத்தமெல்லாம் பார்க்கிற பொண்ணு. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் தெனமும் வேலிக்கிட்ட வந்து நிப்பேன். கேக்க தைரியம் வரல." கைமண்ணைத் தட்டினார். "என் பழந்தானா?"

அப்பா வேறு யாரிடமும் ரத்தம் கொடுக்க மாட்டார். நான்தான் ஊசி குத்த வேண்டும். குழாயில் அவர் பெயரை நான் எழுதுவதை அவர் பார்க்க வேண்டும். கடைசியாக எடுத்தபோது பொட்டாசியம் கூடியிருந்தது. உடனே போன் செய்தேன். "உன் மெஷின் சரியில்ல" என்றார். நான் இயந்திரத்தை அளவு சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். அதே எண் வந்தது. உடனே அம்மாவைத்தான் பிடித்தேன். பொட்டாசியம் போக, காயை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினாயா, இல்லையா என்று. அம்மா, "இனிமே பார்த்துக்கறேன்" என்றாள்.

அதற்கும் அவர் இறந்ததற்கும் நடுவில் நான் ரத்தம் எடுக்கவில்லை. எடுக்காத ரத்தத்துக்கு எண் கிடையாது.

"கடைசியா நான் பார்த்தப்ப கொஞ்சம் கூட இருந்துச்சு மாமா. உயிர் போற அளவுக்கு இல்ல."

இரண்டும் உண்மை. மூன்றாவது, அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை என்பது. அதை அவரிடம் சொல்லவில்லை. கண்டக்டர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து அடுத்த கொத்தைப் பிடுங்கத் தொடங்கினார். நானும் எதிர்ப்பக்கத்தில் இருந்து தொடங்கினேன்.

வெயில் ஏறிய பிறகு அம்மா வந்தாள். சாக்கையும் எங்கள் கைகளையும் பார்த்தாள்.

"அண்ணன் சொல்லிட்டாரா?"

நான் நிமிர்ந்தேன். "உனக்குத் தெரியுமா?"

"துவைக்கிறது யாரு? தெனமும் சட்டைப்பையில நசுங்கின பழத்து விதை. எவ்வளவு உதறினாலும் தையலோரத்துல ஒட்டியிருக்கும். அலசிக் கொட்டுவேன். கொட்டின இடத்துல முளைச்சது." துவைக்கிற கல் பக்கம் கையைக் காட்டினாள். "கீரைன்னு சொன்னேனே."

"தெரிஞ்சும் ஏம்மா விட்டே?"

"நிறுத்தியிருந்தா வேற எங்கயாவது போய்த் தின்னிருப்பார். இதுன்னா எவ்வளவுன்னாவது எனக்குத் தெரியும். ஒரு கைப்பிடி."

"நான் உன்னைத் திட்டினப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்கப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டு என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தார். வாழ்க்கையில மொதல் தடவை அந்த மனுஷன் மாட்டிக்கிட்ட மாதிரி முழிச்சார்." அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பாவமா இருந்துச்சு."

கண்டக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணா, தொட்டி எல்லாம் ஒடச்சுட்டீங்களாமே?"

"ஆமாம்மா. ஒண்ணு மிச்சமில்ல."

"அப்ப கூடைக்கடியில இருக்கிற கலவன்தான் மிச்சம்" என்றாள் அம்மா.

மேடம் வரும் நாளன்று காலையில் அம்மா தானே கூடையை எடுத்தாள். கூடைக்கு அடியில் நின்றிருந்த செடிகள் வெளிறிப்போய், ஓட்டை இருந்த பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தன. மொட்டு விட்டிருந்தன. நான் சாக்கை நீட்டினேன். அம்மா அதைப் பார்க்காததுபோல், பழைய பெயிண்ட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு செடியை மட்டும் மண்ணோடு தோண்டி டப்பாவில் இறக்கினாள். மற்றவற்றைப் பிடுங்கி என் சாக்கில் போட்டாள். டப்பாவைக் கண்டக்டரிடம் கொடுத்தாள்.

"வீட்டு வாசல்ல வைங்க. அவர் அளந்த தூரத்துக்கு இந்தப் பக்கம் வெக்காதீங்க."

"எனக்கு வேணாம்மா. பார்க்கவே முடியல."

"உங்களுக்குன்னு யார் சொன்னா? பழுத்தா எனக்கு ஒரு கைப்பிடி கொண்டாங்க. அப்படி என்னதான் இருந்துச்சுன்னு நானும் பார்க்கணும்."

கண்டக்டர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சைக்கிளில் வைக்காமல் நடந்தே போனார்.

மேடம் வெயிலுக்கு முன்னால் வந்துவிட்டார். வரிசை வரிசையாக நடந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். பூவைப் பிரித்துப் பார்த்தார். வரப்பில் இருந்த குழிகளைப் பார்த்தார். தாண்டிப் போனார். நான் அவருக்கு இடது பக்கமாகவே நடந்து, அவர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துக்கொண்டே போனேன். மோட்டார் அறை வாசலுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு கிணற்றடிக்குப் போனார்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது.

"இங்க என்னம்மா இருந்துச்சு?"

அம்மா கீரை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"தக்காளி மேடம். வேற ரகம். எடுத்தாச்சு."

"பூத்துச்சா?"

"மொட்டுலயே எடுத்துட்டேன்."

மேடம் குனிந்து மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார். வேர் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். இல்லை.

"விதை தானா வந்து விழுந்திருக்கும்" என்றார். "பறவை கிறவை கொண்டு வந்திருக்கும்."

"இல்ல மேடம்" என்றாள் அம்மா. "அவர் போட்டது."

மேடம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்தார். துவைக்கிற கல்மேலேயே வைத்து, அம்மா எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார். போடுவதற்கு முன்னால் அம்மா தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள்.